பெயரெழுதப்படாத பங்காளி: ஐரோப்பியக் கூட்டுக்கடன் சந்தையும் திருப்பூரும்

1. கேள்வி

ஒரு பெருநிறுவனத்துக்கு வேண்டிய கடனை ஒரே வங்கி தனித்துத் தராமல், பத்து வங்கிகளோ இருபது வங்கிகளோ ஒரே ஒப்பந்தத்தின் கீழ்ச் சேர்ந்து, ஒரே விதமான நிபந்தனைகளோடு தத்தம் பங்கை அளிக்கும் முறைக்குக் கூட்டுக்கடன் என்று பெயர். லண்டனிலும் பாரிஸிலும் பிராங்க்ஃபர்ட்டிலும் நடைபெறும் இந்தப் பரிவர்த்தனைக்கும், நொய்யல் கரையில் நூலைத் துணியாக்கித் துணியைப் பனியனாக்கும் ஓர் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்பது நியாயமே. திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்களில் ஐரோப்பியக் கூட்டுக்கடன் பெறும் அளவுக்குப் பெரியவை அரிது. பெரும்பாலானவை உள்ளூர் வங்கிக் கிளையில் ‘பேக்கிங் கிரெடிட்’ என்னும் ஏற்றுமதிக்கு முந்தைய கடனை வாங்கித் தொழில் நடத்துபவை. ஆனால் அவர்களிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பிய வியாபார ஸ்தாபனங்கள் அந்தச் சந்தையில்தான் கடன் வாங்குகின்றன. அங்கே கடனின் விதிகள் மாறும்போது, அவர்கள் திருப்பூருக்குப் பணம் தரும் நாளும் விதமும் மாறுகின்றன.

ஆகவே இக்கட்டுரை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் பெருநிறுவனக் கூட்டுக்கடன் முறை 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பிறகு வெகுவாக மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் வங்கிகள் தம் தோளிலிருந்து இறக்கி வைத்த நஷ்ட அபாயம் எங்கே போய்ச் சேர்ந்தது? அதில் கணிசமான ஒரு பகுதி, கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலேயே கடன் தருபவர்களாகிய சரக்கு விற்போர்மீது இறங்கியிருக்கிறது என்பதும், அவ்வரிசையில் திருப்பூருக்கு ஓர் இடம் உண்டு என்பதும் என் அபிப்பிராயம்.

2. இதுவரை எழுதப்பட்டவை

திருப்பூரைப் பற்றி ஆராய்ந்தோர் பலர். இந்த ஊரின் எழுச்சியைச் சிறு பட்டறைகளின் வலைப்பின்னலாகக் கண்டு 1995இல் எழுதிய பமிலா காதார்ன், ஏற்றுமதிக் கொத்தின் தொழில் ஞானத்தை ஆராய்ந்த பத்மினி சுவாமிநாதன், ஜெ. ஜெயரஞ்சன் ஆகியோர், கொங்கு வேளாளக் கவுண்டர்களிடையே உழவனாகவும் தொழிலாளியாகவும் இருந்தவர்கள் கூட்டுப் பங்காளிகளாகி முதலாளிகளான கதையை 2004இல் நூலாக்கிய ஷரத் சாரி என்று அந்த வரிசை நீள்கிறது. சாயக்கழிவைப் பற்றிச் சுப்ரபாரதிமணியன் ‘சாயத்திரை’ என்ற நாவலையே எழுதிவிட்டார்.

கடன் என்ற பொருளுக்கு மிக நெருங்கி வந்த ஆய்வு, அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்டது. உள்ளூர்ச் சமூகத்தைச் சார்ந்த ஏற்றுமதியாளர்கள் தொழிலைத் தொடங்கும்போதே மிகுந்த மூலதனத்தோடு தொடங்குகிறார்கள் என்பதையும், வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த மூலதனத்தோடு தொடங்கினாலும் வேகமாக வளர்கிறார்கள் என்பதையும் ஒப்பிட்டு, மூலதனம் திறமையைத் தேடிப் போவதில்லை, உறவைத் தேடிப் போகிறது என்று அவர்கள் நிறுவினார்கள். அருமையான ஆய்வு. ஆயினும் அதுவும், மேற்சொன்ன மற்றவையும், திருப்பூருக்குள் கடன் எப்படி வருகிறது என்ற கேள்வியையே முதன்மையாக எழுப்பின. திருப்பூரிலிருந்து கடன் எப்படி வெளியே போகிறது என்பது போதிய கவனம் பெறவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியக் கடைகளுக்குச் சரக்கை முன்னே அனுப்பிவிட்டுப் பணத்துக்குப் பின்னே காத்திருக்கும் ஓர் ஊரைக் கடன் வாங்கும் ஊராக மட்டும் காண்பது பாதிச் சித்திரமே.

3. கூட்டுக்கடனின் பிறப்பும் இயல்பும்

நவீன கூட்டுக்கடனின் தோற்றத்தைப் பொதுவாக 1969ஆம் ஆண்டில் வைப்பார்கள். அவ்வாண்டு லண்டனில் மானுபாக்சரர்ஸ் ஹனோவர் வங்கியின் கிளை ஸ்தாபனத்தை நடத்திவந்த மினோஸ் சோம்பனாகிஸ் என்ற கிரேக்கர், ஈரான் மன்னரின் அரசாங்கத்துக்கு 8 கோடி டாலர் கடனைப் பல வங்கிகளைச் சேர்த்து ஏற்பாடு செய்தார். வட்டி விகிதங்கள் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் பல ஆண்டுத் தவணைக்கு ஒரே விகிதத்தை நிர்ணயிக்க எந்த வங்கியும் துணியாது. ஆதலால், பங்கு கொண்ட வங்கிகள் தமக்குப் பணம் எந்த விலையில் கிடைக்கிறது என்பதைக் குறித்த காலத்துக்கொருமுறை தெரிவிப்பதென்றும், அவற்றின் சராசரியின்மேல் ஒரு கூடுதல் விகிதம் வைத்து வட்டி வசூலிப்பதென்றும் ஏற்பாடாயிற்று. பிற்காலத்தில் ‘லைபார்’ என்று உலகெங்கும் அறியப்பட்ட அளவுகோலுக்கு இதுவே வித்து.

இந்தச் செய்தி திருப்பூருக்குத் தூரத்துச் செய்தி அன்று. 1993இல் இந்திய ரிசர்வ் வங்கி, ஏற்றுமதியாளர்கள் அந்நியச் செலாவணியிலேயே பேக்கிங் கிரெடிட் பெறலாம் என்று அனுமதித்தபோது, அதன் வட்டியும் லைபாரின்மேல் இத்தனை என்றே கணக்கிடப்பட்டது. ஈரானியக் கடனுக்காக வகுத்த அளவுகோல் திருப்பூர் அவிநாசி சாலையின் வங்கிக் கிளைகளில் பில்லுக்கு வட்டி போட்டது. அந்த அளவுகோலைச் சில வங்கிகள் தம் லாபத்துக்காக வளைத்தன என்பது வெளிப்பட்டு, 2012 ஜூனில் பார்க்ளேஸ் வங்கிக்கு 29 கோடி பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. பவுன், யூரோ, யென், சுவிஸ் பிராங்க் ஆகியவற்றின் லைபார் 2021 இறுதியோடும், டாலர் லைபாரின் முக்கியத் தவணைகள் 2023 ஜூனோடும் நின்றன. 2021இல் ரிசர்வ் வங்கி வேறு அளவுகோல்களுக்கு மாற வழி செய்தது. தம் பில்லின் வட்டியில் எத்தனை நாள் அந்தச் சூது கலந்திருந்தது என்று திருப்பூரில் யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. அக்கணக்கு சிறியதாகவே இருந்திருக்கும், ஆனால் யாரும் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கூட்டுக்கடன் ஒப்பந்தத்தின் உள்ளமைப்பை இங்கே சுருக்கிச் சொல்வது அவசியம். கடன் பெறும் நிறுவனம் ஒரு வங்கியையோ சில வங்கிகளையோ ஏற்பாட்டாளராக நியமிக்கிறது. அவர்கள் நிபந்தனைகளை வகுத்து மற்ற வங்கிகளைச் சேர்க்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் ஒரு வங்கி முகவராக இருந்து வட்டியை வசூலித்துப் பங்கிடுகிறது. கடனாளி ஒரு நிபந்தனையை மீறினால் அதை மன்னிப்பதா, கடனை உடனே திருப்பிக் கேட்பதா என்பதை, பொதுவாகக் கடன் தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உடையவர்கள் கூடி முடிவு செய்வார்கள்; வட்டியைக் குறைப்பது, தவணையை நீட்டுவது போன்றவற்றுக்குச் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவருக்கு மட்டும் கூடுதலாகப் பணம் வந்துவிட்டால் அதை எல்லோரோடும் பகிர வேண்டும் என்றும் விதி உண்டு. 1996 இறுதியில் லண்டனில் அமைந்த கடன் சந்தைச் சங்கம் இவற்றையெல்லாம் மாதிரிப் பத்திரங்களாக்கி, ஐரோப்பா முழுவதற்கும் ஏறக்குறைய ஒரே மொழியை உண்டாக்கிற்று. கஷ்டகாலத்தில் யார் யார் கூடிப் பேச வேண்டும், யாருடைய சொல் எடுபடும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்த சாசனம் அது.

4. ஐரோப்பாவில் நேர்ந்த மாற்றம்

ஐரோப்பியப் பெருநிறுவனங்கள் அமெரிக்காவைப் போலப் பத்திரச் சந்தையை நம்பாமல் வெகுகாலம் வங்கிகளையே நம்பியிருந்தன. கூட்டுக்கடனில் பங்கு கொண்ட வங்கி அந்தக் கடனைத் தன் ஏட்டிலேயே கடைசித் தவணைவரை வைத்திருக்கும். கடனாளியின் கணக்கைக் காலாண்டுதோறும் பார்க்கும். கடன் சுமை வருமானத்தைப் போல் இத்தனை மடங்குக்கு மேல் போகக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகளைச் சோதிக்கும். இது சலிப்பூட்டும் காரியம்தான். ஆனால் நிறுவனம் தள்ளாடத் தொடங்கும் முதல் அறிகுறியிலேயே கடனீந்தோர் கதவைத் தட்டுவதற்கு அச்சோதனைகளே ஏதுவாயின. தட்டும் சத்தம் மற்றவர்களுக்கும் எச்சரிக்கையாயிற்று.

2008க்குப் பிறகு மூன்று மாற்றங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. வங்கிகளின் மூலதனம் பற்றிய பாசல் விதிகள் கடுமையானதால் நீண்ட தவணைக் கடனை ஏட்டில் வைத்திருப்பது வங்கிகளுக்குச் செலவு மிக்கதாயிற்று. அவர்கள் விட்ட இடத்தை, கடன்களை மூட்டையாகக் கட்டிப் பத்திரங்களாக விற்கும் நிதியங்களும், வங்கியின் துணையே இன்றி நேரடியாகக் கடன் தரும் தனியார் நிதியங்களும் பிடித்துக்கொண்டன. கடன் என்பது வாங்கி விற்கும் சரக்காகிவிட்டபின், கடனாளியோடு உறவு காத்து நிபந்தனைகளைக் காலாண்டுதோறும் சோதிக்கும் சிரத்தை குறைந்தது. நிதியங்கள் போட்டி போட்டதால் அந்தச் சோதனைகளே ஒப்பந்தத்திலிருந்து விலக்கப்பட்டன. தனியார் மூலதன நிறுவனங்கள் கடனை ஏற்றி வாங்கும் கம்பெனிகளுக்கான தவணைக் கடன்களில், நெருக்கடிக்கு முன் ஐரோப்பாவில் அபூர்வமாக இருந்த இந்தத் தளர்ந்த வகை, பின்னர் பெரும்பான்மையாகிவிட்டது. 2017 மே மாதம் ஐரோப்பிய மத்திய வங்கி, வருமானத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட கடன்சுமை விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்று வழிகாட்டியதும், நிலைமை எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதற்கு ஒரு சாட்சி.

ஆடை வியாபாரத்தில் இதன் விளைவுக்கு டெபன்ஹாம்ஸின் சரித்திரம் போதும். பிரிட்டனின் பழைய பெருங்கடைகளில் ஒன்றான அதனை 2003இல் மூன்று முதலீட்டு நிறுவனங்கள் பெருங்கடனை ஏற்றி வாங்கின. பெரும் பங்காதாயம் எடுத்துக்கொண்டு, கட்டடங்களை விற்று அவற்றிலேயே வாடகைக்கு அமரச் செய்து, 2006இல் மீண்டும் பங்குச் சந்தைக்கு அனுப்பின. அந்தப் பாரத்திலிருந்து கம்பெனி முழுதாக மீளவே இல்லை. 2019 ஏப்ரலில் கடனீந்தோரே அதைக் கைக்கொண்டார்கள். பங்குதாரர்களின் முதலீடு பூஜ்யமாயிற்று. ஓராண்டில் மறுபடியும் நொடிப்பு நிர்வாகிகளின் கைக்குப் போய், 2020 டிசம்பரில் கலைப்பு அறிவிக்கப்பட்டது. ஜெர்மனியின் கலேரியா பெருங்கடைத் தொடர் 2020, 2022, 2024 என மூன்று முறை நொடிப்பு நடவடிக்கைக்குள் சென்றது.

இத்தகைய நொடிப்பில் சரக்கு விற்றவருக்கு என்ன கிடைக்கும்? பிரிட்டிஷ் சட்டப்படி, பிணை பெற்ற கடனீந்தோர் எடுத்துக்கொள்வதற்கு முன்பு பிணையற்றவர்களுக்கென்று சரக்கிருப்பு முதலிய சொத்துகளிலிருந்து ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது, கருணையான ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்கு உச்சவரம்பு உண்டு: 2003 முதல் 6 லட்சம் பவுன், 2020 ஏப்ரலுக்குப் பின் எழுதப்பட்ட பிணைகளுக்கு 8 லட்சம் பவுன். கடனாளி எத்தனை பெரிய கம்பெனியானாலும், பிணையற்றவர்கள் எத்தனை ஆயிரம் பேரானாலும், அந்த ஒதுக்கீடு அவ்வளவே. திருப்பூரிலிருந்து ஒரு பருவத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரே ஒரு நடுத்தர ஏற்றுமதியாளரின் பாக்கியே அதை எட்டிவிடும்.

5. திருப்பூர் கொடுக்கும் கடன்

ஓர் ஆர்டரின் காலக் கணக்கைப் பார்ப்போம். நூல் வாங்கி, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று சரக்கு துறைமுகம் சேர இரண்டு மூன்று மாதம். தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பா செல்ல ஒரு மாதத்துக்குக் குறையாது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனபோது மேலும் பத்து நாளுக்குக் குறையாமல் நீண்டது. ஒரு காலத்தில், சரக்கு வாங்கும் பையர் தன் வங்கி மூலம் எல்.சி. என்னும் கடனுறுதிக் கடிதம் திறந்து, ஆவணம் சேர்ந்ததும் பணம் தருவது வழக்கமாக இருந்தது. இன்று பெரிய பையர்களிடம் எல்.சி. கேட்பதே மரியாதைக் குறைவுபோல் ஆகி, ஷிப்மென்ட் தேதியிலிருந்து 60 நாள், 90 நாள், 120 நாள் என்று ‘ஓப்பன் அக்கவுன்ட்’ முறையில் சரக்கு போகிறது. ஒரு கோடி ரூபாய்ச் சரக்குக்கு 120 நாள் தவணை, ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 3 லட்சத்து 29 ஆயிரம் ரூபாய் வட்டி ஏற்றுமதியாளரின் தலையில் விழுகிறது. சில சதவீத லாபத்தில் நடக்கும் தொழிலில் இது சில்லறை அன்று.

இந்த வட்டியில் ஒரு பங்கை நெடுநாள் இந்திய அரசு சுமந்தது. 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்த ஏற்றுமதிக் கடன் வட்டிச் சமன்பாட்டுத் திட்டம் 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றது. ஏற்றுமதியாளருக்கு அளித்த சலுகை என்றே அது வர்ணிக்கப்பட்டது. பையர் வட்டியின்றி வைத்துக்கொண்ட தவணையை நோக்கினால், ஐரோப்பியக் கடைக்காரரின் நடைமுறை மூலதனத்துக்கு இந்திய வரிப்பணத்திலிருந்து போன மானியமாகவும் அதைக் காணலாம்.

கூட்டுக்கடன் சந்தையின் மாற்றத்தோடு இது எங்கே இணைகிறது? கடன் ஏறிய ஒரு வியாபார ஸ்தாபனம், தன் கூட்டுக்கடன் ஒப்பந்தத்தில் எஞ்சியிருக்கும் அளவுகோல்களைக் காப்பாற்றக் கையாளும் மிகச் சுலபமான வழி, விற்றவனுக்குத் தரும் நாளை நீட்டுவது. வங்கியிடம் வாங்கினால் அது கடன் என்று ஏட்டில் ஏறும். விற்றவனிடம் நிறுத்திவைத்தால் வியாபாரப் பாக்கி என்று மட்டும் ஏறும். பையரின் வங்கி விற்றவனுக்கு முன்பணம் தந்து பையரிடம் பின்னர் வசூலிக்கும் ஏற்பாடும் வெகுகாலம் இப்படியே வியாபாரப் பாக்கிக்குள் மறைந்திருந்தது. 2018 ஜனவரியில் காரிலியன் என்ற பிரிட்டிஷ் கட்டுமானக் கம்பெனியும், 2021 மார்ச்சில் இவ்வகைக் கடனையே தொழிலாகக் கொண்ட கிரீன்சில் கேபிடலும் வீழ்ந்த பிறகே, சர்வதேசக் கணக்கியல் விதிகள் திருத்தப்பட்டு, 2024 முதல் அந்தத் தொகைகளைத் தனியே வெளியிட வேண்டும் என்றாயிற்று.

சுமையை இறக்கிவைக்கும் இந்த வித்தையைத் திருப்பூரும் நன்கு கற்றிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பையர் தாமதிக்கும் நாளை ஏற்றுமதியாளர் நூல் மில்லுக்கும், சாயப்பட்டறைக்கும், பிரிண்டிங் காரருக்கும், ஜாப் ஒர்க் செய்யும் பவர் டேபிள் உரிமையாளருக்கும் பிரித்துக் கொடுக்கிறார். சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அவ்வாண்டு வரிக்கணக்கில் கழிக்க முடியாது என்ற வருமானவரிச் சட்டத் திருத்தம் 2024இல் நடைமுறைக்கு வந்தபோது ஊரில் எழுந்த கலக்கமே, பாக்கி எவ்வளவு ஆழம்வரை இறங்கியிருந்தது என்பதைக் காட்டிற்று. அந்தச் சங்கிலியின் கடைக்கோடியில், சனிக்கிழமைச் சம்பளம் தள்ளிப்போகும் ஒரு தையல்காரரும் செக்கிங் பெண்ணும் இருக்கிறார்கள். லண்டன் நிதியத்தின் லாபத்துக்கும் அவர்களது சனிக்கிழமைக்கும் இடையே எத்தனை கைகள்!

6. தண்ணீர்க் கடன்: உள்ளூரிலிருந்து ஒரு சாட்சி

கூட்டுக்கடன் திருப்பூருக்கு முற்றிலும் அந்நியம் அன்று. ஊரின் சரித்திரத்திலேயே ஒரு பெரிய கூட்டுக்கடன் உண்டு. அது தண்ணீருக்காக வாங்கியது.

நிலத்தடி நீர் உப்பாகி, சாயப்பட்டறைகள் சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்து லாரித் தண்ணீர் வாங்கிய காலத்தில், 1995இல், தமிழக அரசும் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற நிதி ஸ்தாபனமும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் முன்னின்று புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் என்ற கம்பெனியைத் தோற்றுவித்தன. ஆற்றிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய் வழியே நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர் கொண்டுவருவது. பெரும்பகுதியை ஆலைகளுக்கும் எஞ்சியதை நகருக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் விற்பது. ஆலைகளிடம் வாங்கும் உயர்ந்த விலையால் வீடுகளின் விலையைத் தாங்குவது என்பது திட்டம். செலவு ஏறத்தாழ 1,023 கோடி ரூபாய். 30 ஆண்டு உரிமை ஒப்பந்தம் 2000இல் கையெழுத்தாயிற்று. இந்திய நிதி ஸ்தாபனங்களும் வங்கிகளும் சேர்ந்த கடனோடு, அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்டின் உத்தரவாதத்தில் அமெரிக்க மூலதனச் சந்தையிலிருந்து பெற்ற நீண்ட தவணைப் பணமும் இணைந்து, நிதி ஏற்பாடு 2002இல்தான் முடிந்தது. கடனீந்தோரைத் திருப்திப்படுத்த ஏழாண்டு பிடித்தது. 2005இல் தண்ணீர் வந்தது.

இந்தியாவில் தனியார் பங்கோடு நிறைவேறிய முதல் பெரிய குடிநீர்த் திட்டங்களில் ஒன்று என்று அதைக் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் கடனின் அஸ்திவாரமோ, ஆலைகள் ஆண்டுக்காண்டு மேலும் மேலும் நன்னீர் வாங்கும் என்ற அனுமானம். அதே காலத்தில் நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயநீரைப் பற்றி உழவர்கள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கழிவுநீர் சிறிதும் வெளியேறாத நிலையை எட்ட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. அது நிறைவேறாமையால் 2011 ஜனவரி 28ஆம் தேதி எல்லாச் சாய, சலவை ஆலைகளையும் மூடச் சொல்லிற்று. ஆலைகள் திரும்பத் திறக்கப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தர வேண்டியதாயிற்று. திறந்தபின்னரோ, கழிவை மறுபடி நீராக்கிப் பயன்படுத்தும் ஆலைக்கு வெளியிலிருந்து வேண்டிய நீர் முன்னைவிட மிகக் குறைவு.

இதில் உள்ள முரண்பாட்டை நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஊரின்மேல் இரண்டு பெருங்கடன்கள்: ஒன்று, ஆலைகள் அதிகமாக நீர் வாங்கினால்தான் அடையும், மற்றொன்று, ஆலைகள் நீரை மறுபடி மறுபடி பயன்படுத்திக் குறைவாக வாங்கினால்தான் பலிக்கும். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் கண் எந்தக் கடன் மேஜையிலும் இல்லை. தண்ணீர்க் கம்பெனியின் கடன் தவணைகள் திருத்தி அமைக்கப்பட்டன. 2018இல் 91,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கடனோடு ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். ஸ்தாபனமே தவறிவிழுந்து, அதன் இயக்குநர் குழுவை மத்திய அரசு மாற்றியமைத்தது.

ஆயினும் இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, கூட்டுக்கடன் தீது என்ற முடிவு அன்று. சங்கடம் வந்தபோது கடனீந்தோர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவர்கள் கூடினார்கள், தவணை தள்ளிவைக்கப்பட்டது, குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. ஏற்றுமதியாளர் சங்கம் தோற்றுவித்தோரில் ஒருவராதலால் ஊரின் குரலுக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. மூடப்பட்ட நூற்றுக்கணக்கான சிறு சாயப்பட்டறைகளுக்கும், அவற்றில் வேலையிழந்து ஊர் திரும்பியவர்களுக்கும் அப்படி ஒரு மேஜை கிடையாது. டெபன்ஹாம்ஸின் கடனீந்தோர் கூடிய அறையிலும் ஆடை விற்றவர்களுக்கு நாற்காலி கிடையாது. கையெழுத்திட்டவர்களின் நஷ்டம் மட்டுமே பங்கிடப்படுகிறது. மற்றவர்களின் நஷ்டம் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.

7. பசுமை நிபந்தனைகள்

2017 ஏப்ரலில் பிலிப்ஸ் கம்பெனி 16 வங்கிகளிடம் 100 கோடி யூரோ கூட்டுக்கடன் பெற்றபோது, சுற்றுச்சூழல் மதிப்பெண் உயர்ந்தால் வட்டி குறையும், தாழ்ந்தால் ஏறும் என்ற ஏற்பாடு முதன்முதலாகப் புகுந்தது. 2019இல் அதற்குப் பொது நெறிகளும் வகுக்கப்பட்டன. ஆடைக் கம்பெனியின் மாசில் பெரும்பகுதி அதன் கடையில் உண்டாவதில்லை, சரக்குச் செய்யும் ஆலையில் உண்டாகிறது. ஆகவே ஆடைத் துறையில் இந்த மதிப்பெண்ணை உயர்த்தும் உழைப்பும் செலவும் கடைசியில் திருப்பூர் போன்ற ஊர்களுடையவை. வட்டிக் குறைப்போ கடனாளிக்கு.

இதற்கு ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். 2016இல் பூமா கம்பெனியும் பி.என்.பி. பாரிபா வங்கியும் செய்த ஏற்பாட்டில், சமூக, சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் உயர்ந்த ஆலைக்கே தன் பில்லின்மேல் மலிவான பணம் கிடைக்கும். காற்றாலையும், நீதிமன்ற ஆணையால் கழிவில்லாச் சாயமும் பெற்றுவிட்ட திருப்பூர், தன் பையர்கள் ஒவ்வொருவரிடமும் இதே ஏற்பாட்டைக் கேட்க உரிமை உடையது. 2011இன் அடி வாங்கிய ஊருக்கு அது பிச்சை அன்று.

8. மறுப்புகளும் செய்யத்தக்கதும்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். தவணையின் வட்டியை ஏற்றுமதியாளர் விலையிலேயே சேர்த்துக்கொள்ளலாமே என்பது ஒன்று. பங்களாதேஷ் வரியின்றி நுழையும் சந்தையில் வரி செலுத்தி நெடுங்காலம் போட்டியிட்டவருக்கு விலையில் சேர்க்க இடம் ஏது? ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தின் காப்பீடு இருக்கிறதே என்பது மற்றொன்று. 1957இல் தோன்றிய அந்தக் கழகம் செய்திருக்கும் உபகாரம் பெரிது. ஆனால் எந்தக் காப்பீட்டாளரும் ஒரு பையர் தளரும் செய்தி வந்தவுடன் அவர் பெயரிலான வரம்பைக் குறைப்பார், அதாவது வேண்டும்போது குடை சுருங்கும்.

மூன்றாவது மறுப்பு வலுவானது. நிபந்தனைகள் தளர்ந்ததால்தான் பல கம்பெனிகள் வங்கிகளின் அவசரத்துக்குப் பலியாகாமல் பிழைத்தன, அதனால் சரக்கு விற்றோரும் பிழைத்தனர் என்று சந்தையின் ஆதரவாளர் கூறுகின்றனர். இது ஓரளவு உண்மை. ஆனால் தளர்ச்சி தந்த அவகாசத்தில் கம்பெனிக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டே இருந்தவர் யார்? எச்சரிக்கை மணி அடிக்காத அந்த மாதங்களில், நிதியம் தன் பங்கைச் சந்தையில் விற்றுவிட்டுப் போகலாம். ஏற்றுமதியாளர் தன் பாக்கியை அவ்வளவு எளிதில் விற்க முடியாது, மாறாக அடுத்த பருவத்து ஆர்டருக்காகப் பாக்கியை ஏற்றிக்கொண்டே போவார்.

திருப்பூரால் லண்டன் சந்தையின் விதிகளை மாற்ற இயலாது. தன் கடனாளியைப் பற்றித் தெரிந்துகொள்வது இயலும். 2017 ஏப்ரல் முதல் பிரிட்டனின் பெரிய கம்பெனிகள், விற்றவர்களுக்குச் சராசரியாக எத்தனை நாளில் பணம் தருகின்றன, தவணை தவறியவை எத்தனை சதவீதம் என்பதை ஆண்டுக்கு இருமுறை அரசாங்கத்தின் இணையதளத்தில் வெளியிடச் சட்டப்படி கடமைப்பட்டுள்ளன. பிரிட்டிஷ் கம்பெனிகளின் சொத்து எந்த வங்கிக்கு, எந்த நிதியத்துக்குப் பிணையாக எழுதப்பட்டது என்பதும் பொதுப் பதிவேட்டில் உண்டு. பையரின் வங்கி வழியே வரும் முன்பணத் தொகை 2024 முதல் ஆண்டறிக்கையில் உண்டு. 1990இல் தொடங்கி, அரசுகளோடும் துறைமுகங்களோடும் வாதாடிப் பழகிய ஏற்றுமதியாளர் சங்கம், இவற்றைப் படித்துப் பையர்வாரியாகத் தொகுத்து, உறுப்பினர்களுக்கும் அவர்களது ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கும் தமிழில் தெரிவிக்க ஒரு சிறு பிரிவை அமைக்க வேண்டும். இரண்டு மூன்று கணக்காளர்கள் போதும். பிரிட்டிஷ் பதிவேடுகள் இரண்டும் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கக் கூடியவை.